ஷிஃப்டு மாறும் பாம்பு

மார்ச் 3, திங்கள்

இந்த டைரி ஒரு பஞ்சு வியாபாரி மேனேஜருக்குக் கொடுத்து, மேனேஜர் எனக்குத் தள்ளிவிட்டது. இரண்டு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து எழுதப்போகிறேன். எவள் யாரோடு பேசுகிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்பதையெல்லாம் மனசிலேயே வைத்துக்கொள்ள இனி முடியாது.

விஷயம் இதுதான். எங்கள் மில்லில் நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியும், பெண்கள் சங்கமும், முதலாளியும் சேர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மில்லில் பெண்களிடம் யாராவது தப்பாக நடந்தால் ஒரு நம்பருக்குப் போன் செய்யலாம். செய்தவள் பெயர் வெளியே வராது. அவளை வேலையைவிட்டு அனுப்பினால் கம்பெனி நூல் வாங்குவதை நிறுத்திவிடும். இன்று சங்கத்திலிருந்து அமலோற்பவம் என்று ஓர் அம்மா வந்து, அந்த நம்பர் போட்ட பெரிய போஸ்டரை ஹாஸ்டல் சாப்பாட்டு ஹாலில் ஒட்டிவிட்டுப் போனாள். இங்கே வார்டன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பசை டப்பாவை மட்டும் என் மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பெயர் வெளியே வராது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அப்படியென்றால் எவள் வேண்டுமானாலும் யாரைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லலாமே.

மார்ச் 5, புதன்

ஷிஃப்டு முடிந்து வந்த பிள்ளைகளை உட்காரவைத்து அமலோற்பவம் வகுப்பு எடுத்தாள். நான் தண்ணீர் நிரப்புவதுபோலக் கதவோரம் நின்று கேட்டேன்.

“ஜெனீவாங்கிற ஊருல உலக நாடுகளெல்லாம் கூடி, வேலை செய்யுற இடத்துல பொம்பளைங்களை வையுறது, அடிக்கிறது, தொடுறது எதுவும் கூடாதுன்னு ஒரு உடன்படிக்கை போட்டாங்க. நம்ம நாடு இன்னும் அதை ஏத்துக்கலை. ஏத்துக்கச் சொல்லி டெல்லி வரைக்கும் போய்க் கேட்டுட்டுத்தான் இருக்கோம். அது வர்றப்ப வரட்டும்னுதான் நூல் வாங்குற கம்பெனியவே இங்க கையெழுத்துப் போட வெச்சோம்” என்றாள்.

முத்துப்பேச்சி எழுந்தாள். சங்கரன்கோயில் பக்கத்துப் பிள்ளை, வாய் சும்மா இருக்காது. “யக்கா, ஜெனீவாவுல உள்ளவங்களுக்கு எங்க மில்லு எங்க இருக்குன்னு தெரியுமா?”

“தெரியாது. உனக்கு ஜெனீவா எங்க இருக்குன்னு தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

“அப்ப ரெண்டு பேரும் சரியாப் போச்சு. நடுவுல நாங்க இருக்கோம்ல.”

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெனீவா எங்கே, தாராபுரம் எங்கே? எங்கள் பிள்ளைகள்மேல் வெளிநாட்டுக்காரனுக்குத் திடீரென்று என்ன அக்கறை? விலையைக் குறைக்க ஏதோ நூல் விடுகிறான் என்று மேனேஜர் ரங்கராஜ் சார் சொன்னார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

போகும்போது அமலோற்பவம் என்னைப் பார்த்து, “வார்டன் அக்கா, நீங்களும் உக்காந்து கேளுங்க. இது உங்களுக்கும்தான்” என்றாள். எனக்கு எதற்கு? இந்த ஹாஸ்டலில் எனக்குத் தெரியாமல் ஓர் ஈ பறக்காது.

மார்ச் 6, வியாழன்

துவரம் பருப்பில் வண்டு. வெயிலில் கொட்டி வைத்தேன். முத்துப்பேச்சி மத்தியானம் மாடிப்படியில் நின்று யாரோடோ போன் பேசினாள். கேட்டால் அம்மா என்கிறாள். அம்மாவோடு பேசுகிறவள் எதற்குக் குரலைத் தாழ்த்த வேண்டும்?

மார்ச் 8, சனி

மகளிர் தினம். மில் செலவில் எல்லோருக்கும் மைசூர்பாகு, அப்புறம் கோலப்போட்டி. நடுவர் என் தம்பி தண்டபாணி. நூலைக் கோனில் சுற்றும் பகுதிக்கு அவன் சூப்பர்வைசர். என் வீட்டுக்காரர் போனபிறகு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு இந்த வேலையையும் தங்க ஒரு ரூமையும் வாங்கிக் கொடுத்தவன். வைகாசியில் என் மகள் மோகனப்பிரியாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் அவன்தான் கொண்டுவர வேண்டும். தாய்மாமன் வராத கல்யாண மேடையை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

கோலங்களைச் சுற்றி வந்து ஒவ்வொரு பிள்ளையையும் தோளில் தட்டிக் கொடுத்தான். முத்துப்பேச்சி கோலமாவுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். திமிர். அவள் கோலம்தான் நன்றாக இருந்தது, ஆனால் பரிசு வேறொருத்திக்குப் போனது.

தோரணம் ஒட்ட இடம் வேண்டுமென்று அந்தப் போஸ்டரை உரித்து எடுத்தேன். நல்ல கனமான காகிதம், வீசியெறிய மனசு வரவில்லை. என் ரூம் அலமாரித் தட்டில் விரித்து, மேலே பருப்பு டப்பாக்களை அடுக்கிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

சூப்பர்வைசர்கள் வாரத்துக்கொரு முறை ஷிஃப்டு மாறுவார்கள். இந்த வாரம் பகல் ஷிஃப்டு தண்டபாணிக்கு. காலைச் சாப்பாட்டின்போது பகல் ஷிஃப்டுப் பிள்ளைகளிடம் வழக்கம்போலச் சொல்லி வைத்தேன்.

“குடோன்ல பாம்பு நடமாட்டம் இருக்குது கண்ணு. காலி கோன் எடுக்கப் போனீங்கன்னா ரெண்டு பேராப் போகோணும். ஒத்தையில போகாதீங்க.”

நூல் சுற்றும் அட்டைக் கோன் தீர்ந்தால் மில்லுக்குப் பின்னால் உள்ள குடோனுக்குத்தான் போக வேண்டும். அங்கே வெளிச்சம் போதாது. போன வாரம் இதைச் சொல்லவில்லையே என்று புதுப்பிள்ளை ஒருத்தி கேட்டாள். போன வாரம் இல்லை, இந்த வாரம் இருக்கிறது என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மோகனா வந்துவிட்டுப் போனாள். காலேஜில் கடைசி வருஷப் பரீட்சை நெருங்குகிறது. முதல் வருஷ லீவில் இங்கே தங்கி, ஒரு மாதம் கோன் சுற்றும் வேலை பார்த்தாள். அப்புறம் பிடிக்கவில்லை என்றாள், அனுப்பிவிட்டேன். அதிலிருந்து காலையில் வந்தால் சாயங்காலம் கிளம்பிவிடுவாள்.

கல்யாணப் பேச்சு எடுத்தேன். “மாமன் சீரெல்லாம் வேண்டாம்மா” என்றாள். “நாம ரெண்டு பேருமே போதும்.” படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் காலத்தில் முறை, சம்பிரதாயம் எதுவும் தெரிவதில்லை.

மத்தியானம் தண்டபாணி நேந்திரம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்க வந்தான். அவள் குளிக்கப் போனவள் அவன் கிளம்புகிற வரை வெளியே வரவில்லை. சிப்ஸ் பொட்டலம் பிரிக்காமல் கிடக்கிறது. போகும்முன் அலமாரியைத் துடைத்து, டப்பாக்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பொறுப்பான பிள்ளை.

மார்ச் 21, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டு விட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“தெய்வானையம்மா, அந்த நம்பருக்கு ஒரு புகார் போயிருக்குது. உங்க தம்பி மேல. குடோன்ல ஒரு பொண்ணோட கையைப் புடிச்சு இழுத்தாராம். யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. சென்னையிலிருந்து ஒரு வக்கீலம்மாவும் அமலோற்பவமும் விசாரிக்க வர்றாங்க. அதுக்குள்ள அவ யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும்.”

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல இருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. எவளோ ஒருத்தி ஒரு போன் செய்து என் குடும்பத்தையே சந்தியில் நிறுத்திவிட்டாள். முத்துப்பேச்சிதான். வேறு யார்?

மார்ச் 23, ஞாயிறு

முத்துப்பேச்சி கோயிலுக்குப் போயிருந்தபோது அவள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வார்டனுக்கு அந்த உரிமை உண்டு. இரண்டு தாவணி, ஒரு முருகன் படம், அட்டை அட்டையாக ஊக்கு. ஒரு பிள்ளைக்கு இத்தனை ஊக்கு எதற்கு? பக்கத்துப் பெட்டியிலும் அதேபோல் இருந்தது. எங்கோ மலிவாகக் கிடைத்திருக்கும்.

போன் நம்பர் எழுதிய காகிதம் எதுவும் கிடைக்கவில்லை. அழித்திருப்பாள்.

மார்ச் 25, செவ்வாய்

வெளிநாட்டு ஆட்கள் மில்லைப் பார்க்க வரும்போதெல்லாம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். இதற்கும் அப்படித்தான். மேனேஜர் சொன்ன பதில்களைச் சாப்பாட்டு ஹாலில் வைத்துப் பாடம் நடத்தினேன்.

“சூப்பர்வைசர் எப்படிப் பேசுவாருன்னு கேட்டா?”

“மரியாதையாப் பேசுவாருங்க.”

“அவரைப் பத்தி என்ன நினைக்கறீங்கன்னு கேட்டா?”

“எங்க அண்ணன் மாதிரிங்க.”

கோயில் பஜனைபோல எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். முத்துப்பேச்சி மட்டும் வாய் திறக்கவில்லை. “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றேன்.

“எனக்கு அண்ணன் கிடையாதுக்கா. எப்படி இருப்பான்னு தெரியல” என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டில் அவளுக்கு மட்டும் அப்பளம் கிடையாது என்று நினைத்தேன். அப்புறம் போட்டுவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

விசாரணை. பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டார்கள். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டார்கள், என் ஹாலிலேயே எனக்கு இடமில்லை. போனவள் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தாள். சரி, பாடம் வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருத்தியும் வெளியே வரும்போது என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் முத்துப்பேச்சி தானாகவே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“யக்கா, நீங்க சொல்லிக் குடுத்தபடியேதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்லியிருக்கு. மரியாதையா பேசுவாருன்னு சொல்லியிருக்கு, அண்ணன் மாதிரின்னும் சொல்லியிருக்கு. அந்த வக்கீலம்மா, வேலை எப்படி நடக்குன்னு சும்மா பேச்சுவாக்குல கேட்டாவ. காலி கோன் எடுக்க ரெண்டு பேராப் போவோம்னோம். ஏன்னு கேட்டாவ. குடோன்ல பாம்பு, வார்டன் அக்கா சொல்லியிருக்காவன்னோம்.”

“அதுல என்னடி தப்பு?”

“தப்பு இல்லைக்கா. எந்தெந்த வாரம் பாம்பு வரும்னு கேட்டாவ. யோசிச்சுப் பாத்து, தண்டபாணி சார் இருக்க வாரம்னு எல்லாவளும் சொல்லியிருக்கா. அந்தம்மா பேனாவைக் கீழ வச்சிட்டாவ. ‘பாம்புக்கும் ஷிஃப்டு உண்டாம்மா?’ன்னு கேட்டாவ.”

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பதில் சொல்லிக் கொடுத்த நான் பாம்பை மறந்துவிட்டேன்.

புதன்கிழமை என்னை விசாரிக்கிறார்களாம்.

மார்ச் 29, சனி

காலையில் தண்டபாணி வந்தான். நான் சுட்ட தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே பேசினான்.

“அக்கா, நீ பாம்புன்னே சொல்லு. நான் ஒரு சாரையப் புடிச்சு அடிச்சுக் குடோன் வாசல்ல போட்டர்றேன். வாட்ச்மேன் பாத்தேன்னு சொல்லிருவான். அத்தோட முடிஞ்சுது.”

“சரி தம்பி” என்றேன். இன்னும் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சட்னி நன்றாக இருக்கிறது என்றான். கை கழுவிவிட்டுப் போனான்.

தோசைக்கல்லைத் தேய்க்கும்போதுதான் உறைத்தது. குடோனில் நிஜமாகவே பாம்பு இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. அவனுடைய வாரத்தில் மட்டும் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றும் கேட்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் முதலில் அதைத்தானே கேட்பார்கள்? சட்டையைப் பிடித்தாவது கேட்பார்களே?

கல்லை இரண்டு தடவை தேய்த்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

குடோன் வாசலில் ஒரு சாரைப்பாம்பு தலை நசுங்கிக் கிடந்தது. ஒரே கூட்டம். வாட்ச்மேன் வீரம் பேசினான். மேனேஜர் போட்டோ எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் பாம்பைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

மார்ச் 31, திங்கள்

மனசு கேட்கவில்லை, மோகனாவுக்குப் போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். “எவளோ ஒருத்தி போன் பண்ணிக் குடும்பத்தையே கெடுத்துட்டா. உன்ற கல்யாணத்துல மாமன் இல்லாமப் பண்ணப் பாக்கறா. அவ நல்லா இருப்பாளா?” என்றேன்.

“நாந்தாம்மா அவ” என்றாள்.

கட்டிலில் உட்கார்ந்தேன்.

“அலமாரியத் தொடைக்கறப்போ டப்பாவுக்கு அடியில அந்த நம்பர் இருந்துச்சும்மா. லீவுக்கு வந்து வேலை செஞ்சவளும் சொல்லலாமான்னு கேட்டேன். சொல்லலாம்னாங்க.”

“என்ற கிட்ட ஏன் கண்ணு சொல்லல?”

“நீ கேட்டியா? அன்னைக்குக் குடோன்லயிருந்து நான் அழுதுட்டு ஓடியாந்தேன். தாவணி கிழிஞ்சிருந்துச்சு. நீ பாத்தே. ஒண்ணுமே கேக்காம தெச்சுக் குடுத்தே. அடுத்த நாள் காலையில பஸ் ஏத்தி விட்டுட்டே. அந்த வாரத்துல இருந்துதான் குடோன்ல பாம்புன்னு என்னோட வேலை செஞ்ச முத்துப்பேச்சி சொன்னா. ஊர்ப் புள்ளைகளுக்கெல்லாம் பாம்புன்னாவது சொன்னியேம்மா. எனக்கு நீ எதையுமே சொல்லல.”

ஓ என்று அழுதேன். பக்கத்து ரூம் பிள்ளைகளுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அரிசி மூட்டை வந்து இறங்கியது. எண்ணிப் பார்க்கவில்லை.

மேனேஜர் வந்து, “நாளைக்கு அந்தப் பாம்பு போட்டோவை நீங்களே எடுத்துக் குடுத்துருங்க” என்று என்னிடம் கொடுத்தார். தண்டபாணி பட்டுப்புடவைக் கடையின் பையோடு வந்தான். மோகனாவுக்காம். இத்தனை நாள் இல்லாத அக்கறை. பையை வாங்கவில்லை, அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பு எரியவே இல்லை.

ஏப்ரல் 2, புதன்

எனக்கு எதிரில் வக்கீலம்மாவும் அமலோற்பவமும். பக்கத்தில் மேனேஜர். வக்கீலம்மா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். அதைக்கூடச் சந்தேகமாகத்தான் பார்த்தேன். பழகிவிட்டது.

“குடோன்ல பாம்பு இருந்துச்சாம்மா?” என்று கேட்டாள்.

மேனேஜர், “போட்டோ இருக்குதுங்களே மேடம்” என்று என்னைப் பார்த்தார்.

போட்டோ என் மடியில் இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்தேன்.

“இல்லைங்க. இது ஞாயித்துக்கிழமை அடிச்சுக் கொண்டாந்து போட்டது. குடோன்ல எப்பவும் பாம்பு இருந்ததில்லைங்க.”

“அப்புறம் ஏன் பிள்ளைங்ககிட்ட அப்படிச் சொன்னீங்க?”

தண்ணீரைக் குடித்தேன்.

“பாம்புன்னு சொன்னாப் புள்ளைங்க உசாரா இருப்பாங்க. தண்டபாணின்னு சொன்னா என்னைய வேலைய விட்டு அனுப்பிருவாங்க. அவன் என்ற தம்பிங்க. என்ற புள்ளைகிட்டயே அப்படி நடந்தான். எனக்குத் தெரியுமுங்க. அன்னைக்கே தெரியும்.”

மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். “தெய்வானையம்மா, நீங்க நாளைக்கு...” என்று ஆரம்பித்தார்.

“உக்காருங்க சார்” என்றாள் அமலோற்பவம். “ஒப்பந்தத்துல வார்டனும் தொழிலாளிதான். இந்தம்மாவை அனுப்பினா இங்கிருந்து ஒரு கிலோ நூல்கூடக் கப்பல் ஏறாது. அன்னைக்கே சொன்னேன்லக்கா, இது உங்களுக்கும்தான்னு.”

மேனேஜர் உட்கார்ந்தார். அந்த மனிதர் ஒரு பெண் சொல்லி உட்கார்ந்ததை இன்றுதான் பார்த்தேன். ஜெனீவா எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒப்பந்தம் போட்டவர்கள் சொன்னபடி செய்வார்களா என்பதும் போகப்போகத்தான் தெரியும்.

ஏப்ரல் 5, சனி

தண்டபாணியை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே நின்று கத்தினான். “கூடப் பொறந்தவளா நீ? கல்யாணத்துக்கு எவன் சீர் கொண்டார்றான்னு பாக்கறேன்!”

முத்துப்பேச்சியும் நாலைந்து பிள்ளைகளும் என்னை ஒட்டி வந்து நின்றுகொண்டார்கள். அவன் போகிற வரை நின்றார்கள். முத்துப்பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக் கனி, வருஷப் பிறப்பு. மோகனா வந்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் ரூமில் ராத்தங்கப் போகிறாள். மாப்பிள்ளை வீட்டில் மாமன் சீரைப் பற்றிக் கேட்டார்கள். சீர் வராது என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். யோசிக்கட்டும். “யோசிக்கறவங்க வீட்டுக்கு நான் போகலைம்மா” என்கிறாள் மோகனா. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

புதிதாக வந்திருக்கும் சூப்பர்வைசர் தங்கமானவர் என்று மேனேஜர் சொல்கிறார். அதை நான்தான் பார்க்க வேண்டும்.

அலமாரியிலிருந்து டப்பாக்களை இறக்கிப் போஸ்டரை எடுத்தேன். வட்ட வட்டமாக எண்ணெய்க் கறை. நம்பர் மட்டும் தெளிவாக இருக்கிறது. அமலோற்பவம் மறந்து வைத்த பசை டப்பா அப்படியே என் மேஜையில்தான் இருந்தது, அடியில் கொஞ்சம் காயாமல் மிச்சம். மோகனா ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, சாப்பாட்டு ஹாலில் பழைய இடத்திலேயே ஒட்டினேன். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து எழுத்து தெரிகிறதா என்று பார்த்தேன்.

நேற்று சேர்ந்த புதுப்பிள்ளை ஒருத்தி பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். “அக்கா, குடோன்ல பாம்பு இருக்குதாமே?” என்று கேட்டாள்.

“பாம்பு இல்ல கண்ணு” என்றேன். “தண்டபாணின்னு ஒருத்தன் இருந்தான். என்ற தம்பி.”